இடவப்பாதி மழையில் பிறக்கும் குழந்தைக்கு எந்த நூலில் பின்னுவது?

கேள்வி: நான் களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பாறசாலையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கைக்கு இடவம் (வைகாசி) மாதக் கடைசியில், ஜூன் இரண்டாம் வாரத்தில், பேறுகாலம். குழந்தையின் இருபத்தெட்டாம் நாள் சடங்குக்கு என் கையாலேயே குரோஷே என்னும் கொக்கி ஊசிப் பின்னலில் ஒரு கவுன், குல்லா, காலுறை, ஒரு பொம்மை ஆகியவற்றைப் பின்னிக் கொடுக்க ஆசைப்படுகிறேன். எங்கள் பாட்டி கன்னியர் மடத்தில் ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றவர். அவருடைய மெல்லிய எஃகு ஊசியும், வெள்ளை நூல்கண்டுகளும், ஒரு பழைய ஆங்கிலப் புத்தகமும் என்னிடம் இருக்கின்றன. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மிருதுவான ‘பேபி உல்லன்’ மூன்று உருண்டை வாங்கி, பின்னும் முறையை வீடியோவில் பார்த்துக்கொண்டு, அந்தப் புத்தகத்தின் கணக்குப்படி கவுனைத் தொடங்கினேன். அது புத்தகத்தில் சொன்னதைப் போல இரண்டு மடங்கு நீளமாகவும் ஓட்டை ஓட்டையாகவும் வந்துவிட்டது. என் கையில் என்ன பிழை? வாங்கிய நூல் சரிதானா? அளவு எப்படி எடுப்பது?

பதில்: உங்கள் கையில் பிழை எதுவும் இல்லை. பிழை எங்கே என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைவிட முதலில் தீர்க்க வேண்டியது நூலைப் பற்றிய கேள்வி. சட்டையின் அழகு பார்க்கிறவர்களுக்கு. நூலின் தன்மையோ அதைப் பகலும் இரவும் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கப் போகிற குழந்தைக்கு.

கடைகளில் ‘பேபி உல்லன்’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி ஆட்டு ரோமம் அல்ல. அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. தொட்டால் பூனைக்குட்டியைப் போல மெத்தென்றிருக்கும். ஆனால் அந்த இழை வியர்வையை உறிஞ்சாது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பிறக்கும் குழந்தைக்கு அது உதவலாம். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில், வெளியே ஈரமும் வீட்டுக்குள் புழுக்கமுமாக இருக்கிற நம் பக்கத்தில், கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வேர்க்குரு வருவதற்கு அதுவே காரணமாகிவிடும். உங்களிடம் இருப்பது எது என்று அறிய ஒரு விரற்கடை நூலை வெட்டி, இடுக்கியால் பிடித்து, அடுப்படித் தொட்டியின் மேல் வைத்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலை விடும். அக்ரிலிக் என்றால் சுருங்கி உருகி, ஆறிய பிறகு கறுப்பாக, கெட்டியான மணியைப் போல நிற்கும். ரோமம் என்றால் தலைமுடி பொசுங்கும் நாற்றம் வரும். இந்தச் சோதனையை எந்தக் கடைக்காரரின் வாக்கையும்விட நான் அதிகம் நம்புகிறேன்.

நம் வீடுகளில் பிறந்த பிள்ளையை முதலில் சுற்றுவது புதுத்துணியால் அல்ல. பல முறை துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பழைய வேட்டியால். அந்த வழக்கத்தில் உள்ள அறிவையே நூல் வாங்குவதற்கும் அளவுகோலாகக் கொள்ளுங்கள். நூறு சதவீதப் பருத்தியில், நான்கு இழை முறுக்கிய, பளபளப்பு அதிகமில்லாத நூலை எடுத்து, உங்கள் உள்ளங்கையில் அல்லாமல் கழுத்தின் பக்கவாட்டில் தேய்த்துப் பாருங்கள். அங்கே உறுத்தாதது குழந்தைக்கும் உறுத்தாது. எல்லா உருண்டைகளின் உறையிலும் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, தேவைக்கு மேல் ஓர் உருண்டை சேர்த்தே வாங்கிவிடுங்கள். இரண்டாம் முறை போனால் அதே நிறம் கிடைப்பது அரிது. ஊசி 3 அல்லது 3.5 மில்லிமீட்டர் போதும்.

இனி, கவுன் ஏன் நீண்டது என்பதற்கு வருவோம். குரோஷேயில் ஒரே பெயரை ஆங்கிலேயர் ஒரு பின்னலுக்கும் அமெரிக்கர் வேறொரு பின்னலுக்கும் வழங்குகிறார்கள். அமெரிக்கர் ‘சிங்கிள் குரோஷே’ என்று சொல்வதை ஆங்கிலேயர் ‘டபுள் குரோஷே’ என்பார்கள். அமெரிக்கரின் ‘டபுள்’ ஆங்கிலேயரின் ‘டிரெபிள்’. மடத்தில் கற்ற நம் பாட்டிமார்களின் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலேய வழக்கில் இருக்கும். இன்று நாம் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்க வழக்கில் இருக்கும். உங்கள் புத்தகம் ‘டபுள்’ என்று எழுதியது ஊசியில் நூலைச் சுற்றாமல் போடும் குட்டைப் பின்னலை. வீடியோவைப் பார்த்து நீங்கள் போட்டதோ ஒரு சுற்று நூல் சுற்றிப் போடும் உயரப் பின்னலை. ஒவ்வொரு வரிசையும் ஏறத்தாழ இரு மடங்கு உயர்ந்ததற்கும், இடையில் ஓட்டை விழுந்ததற்கும் அதுதான் காரணம். ஒரு புத்தகம் எந்த வழக்கில் எழுதப்பட்டது என்பதை வரிசையின் முடிவைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். திரும்பும்போது ஒரு சங்கிலிப் பின்னல் போட்டு ‘டபுள்’ தொடங்கச் சொன்னால் அது ஆங்கிலேய வழக்கு. மூன்று சங்கிலி போடச் சொன்னால் அமெரிக்க வழக்கு.

அளவுக்கு வருவோம். பிறக்காத குழந்தையை யாரும் அளக்க முடியாது, அளக்கவும் வேண்டாம். பிறந்த குழந்தைக்கென்று பின்னுவதைவிட மூன்று மாதக் குழந்தைக்கென்று பின்னுங்கள். இருபத்தெட்டாம் நாளில் சற்றுத் தொளதொளவென்று இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இறுக்கமாக இருந்தால் அன்றைக்கே பெட்டிக்குள் போய்விடும். மூன்று மாதத்தில் மார்புச் சுற்றளவு சுமார் 40 சென்டிமீட்டர் இருக்கும். பருத்திப் பின்னல் உல்லனைப் போல இழுத்த இழுப்புக்கு வராது என்பதால், கவுனின் சுற்றளவு 46 சென்டிமீட்டர் இருக்கட்டும். தொடங்கும் முன் 12 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டைப் பின்னி, அதைத் துவைத்துக் காயவைத்த பிறகு, நடுவில் 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை பின்னல் இருக்கிறது என்று எண்ணுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். துவைக்காத துண்டை அளப்பதில் பயன் இல்லை. 10 சென்டிமீட்டருக்கு 20 பின்னல் என்றால் 46 சென்டிமீட்டருக்கு 92 பின்னல். இந்தப் பெருக்கல் தெரிந்துவிட்டால் எந்தப் புத்தகத்தின் எண்ணுக்கும் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை.

கவுனில் பலர் கவனிக்கத் தவறுவது கழுத்து. கைக்குழந்தையின் தலை அதன் உடம்போடு ஒப்பிட்டால் பெரியது. கழுத்தோ தனியே நிற்கும் வலு இல்லாதது. தலை வழியாக இழுத்து மாட்டும் சட்டை, மாட்டுகிற தாய்க்கும் பயம், குழந்தைக்கும் அழுகை. அதனால் முதுகுப் பக்கம் முழுவதும் திறந்திருக்கும்படியோ, கடையில் விற்கும் ஜப்லாவைப் போல முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து பக்கவாட்டில் கட்டும்படியோ பின்னுங்கள். முடிச்சுக் கயிறு விலாப் பக்கத்தில் மட்டுமே வர வேண்டும். கழுத்தைச் சுற்றி எந்தக் கயிறும், நாடாவும், ரிப்பனும் கூடாது. பித்தான், முத்து, மணி எதுவும் வேண்டாம் என்பதே என் தீர்மானம். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் துவைக்கத் துவைக்கத் தையல் நூல் நைந்துபோகும். ஆறாம் மாதத்தில் எல்லாவற்றையும் வாயில் வைக்கிற பிள்ளைக்கு அது தொண்டையில் அடைக்கும் பொருளாகிவிடும்.

குல்லாவின் கணக்கு எளிது. மூன்று மாதத்தில் தலைச் சுற்றளவு சுமார் 40 சென்டிமீட்டர் என்றால் குல்லா 38 இருக்கலாம். அதை 3.14 ஆல் வகுத்தால் 12. உச்சியில் பின்னும் வட்டம் 12 சென்டிமீட்டர் குறுக்களவு வந்ததும் பின்னலைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு, உச்சியிலிருந்து விளிம்பு வரை மொத்தம் 14 சென்டிமீட்டர் வரும்வரை நேராகப் பின்னிக்கொண்டு போங்கள். குளிப்பாட்டிய பின் தலையில் காற்றுப் படக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். வண்டியில் போகும்போதும் மழைக்காற்றிலும் குல்லா வேண்டியதுதான். ஆனால் குழந்தை தூங்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். கைக்குழந்தையின் உடல் வெப்பம் வெளியேறும் முக்கிய வழி தலை; தூக்கத்தில் குல்லா வழுக்கி மூக்கை மூடும் ஆபத்தும் உண்டு. போர்வை பின்னிக் கொடுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: விழித்திருக்கும்போது மடியில் போட்டுக்கொள்ளத்தான் அது, முதல் ஒரு வருடம் தூங்குகிற இடத்தில் தளர்வான போர்வை இருக்கக் கூடாது.

காலுறையைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே ஒரு முறை தவறியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் என் அக்காவின் மகனுக்குப் பூவேலை செய்த ஒரு ஜோடி பின்னினேன். வெளியே அழகாக இருந்தது; உள்ளே நிறம் மாற்றிய இடத்தில் நூல் ஓர் அங்குலம் தளர்வாக ஓடியதை நான் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் பிள்ளை நிறுத்தாமல் அழுதான். பசி என்றார்கள், வயிற்றுவலி என்றார்கள். காலுறையைக் கழற்றிய பிறகுதான் அந்த நூல் இரண்டாம் விரலைச் சுற்றி இறுக்கி, விரல் சிவந்து வீங்கியிருப்பதைப் பார்த்தோம். உடனே வெட்டி எடுத்ததால் விரல் தப்பியது. அப்படி நூலோ தலைமுடியோ விரலில் இறுகினால் இரத்த ஓட்டமே நின்றுவிடக்கூடும். எடுக்க வரவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அன்று முதல் எந்தக் காலுறையையும் உள்புறம் வெளியாகத் திருப்பி, என் சுண்டுவிரலால் எல்லாப் பக்கமும் தடவிப் பார்க்காமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. உங்கள் காலுறையை ஒரே நிறத்தில், ஓட்டை விழாத குட்டைப் பின்னலில் பின்னுங்கள். அடி நீளம் 9 முதல் 10 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். நூலின் முனையை வெட்டும்போது 15 சென்டிமீட்டர் விட்டு, தையல் ஊசியில் கோத்து, பின்னலுக்குள் ஒரு திசையில் ஓட்டி, திரும்ப எதிர்த்திசையில் ஓட்டி, மூன்றாம் முறையும் ஓட்டிய பிறகே நறுக்குங்கள். கையுறை பின்னவே வேண்டாம். நகம் கீறுகிறது என்றால் நகத்தை வெட்டிவிடுவதே நல்லது.

பொம்மைக்குக் கண்ணாக விற்கிற பிளாஸ்டிக் மணிகள் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு ஏற்றவை அல்ல. கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள். வழக்கமான ஊசியைவிட ஓர் அளவு சிறிய ஊசியால் நெருக்கமாகப் பின்னினால் உள்ளே அடைத்தது வெளியே வராது. இலவம் பஞ்சு நம் ஊரில் எளிதாகக் கிடைத்தாலும் துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும். துவைக்கக்கூடிய செயற்கைப் பஞ்சே இங்கு நல்லது. கிலுகிலுவென்று ஒலிக்கட்டும் என்று குன்றிமணியை உள்ளே போடும் வழக்கம் எங்காவது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதன் பருப்பு கடும் நஞ்சு.

பாட்டியின் எஃகு ஊசிக்கும் இதில் இடம் உண்டு. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ரேந்தை, தலையணையில் குண்டூசி குத்திக் கட்டைகளால் பின்னுவது. குரோஷே அதிலிருந்து வேறானது. ஆயினும் நம் மாவட்டத்துப் பெண்களின் விரல்களில் வெள்ளை நூல் இத்தனை தலைமுறையாகப் பழகியிருப்பது அந்தத் தொடக்கத்தினால்தான். பாட்டியின் நூல்கண்டிலிருந்து ஒரு முழம் எடுத்து இரு கையாலும் சட்டென இழுத்துப் பாருங்கள். அறுந்தால் அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். அறாவிட்டால் கவுனின் கீழ் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ரேந்தை பின்னிச் சேருங்கள். கழுத்திலும் கைமுனையிலும் வேண்டாம். மெல்லிய முறுக்கு நூல் தோலை அறுக்கும். கஞ்சி போடவும் கூடாது.

பின்னி முடித்ததும் எல்லாவற்றையும் மிதமான சோப்பில் துவைத்து, பிழியாமல் ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி, கொடியில் தொங்கவிடாமல் பாயில் விரித்துக் காயவையுங்கள். தொங்கவிட்டால் ஈரப் பருத்தி தன் எடையாலேயே நீண்டுவிடும். உங்கள் கிணற்று நீரில் இரும்புச் சத்து அதிகமிருந்து வெள்ளைத் துணி பழுக்கிறது என்றால் கடைசி அலசலுக்கு மழைநீரைப் பிடித்துக்கொள்ளலாம். சடங்கு நாள் வரை பெட்டியில் வைக்கும்போது அந்துருண்டை போடாதீர்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். அதிலுள்ள நாப்தலீன், பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். அந்தக் குறை இருக்கிறதா என்பது பிறந்த வேளையில் பார்வைக்குத் தெரியாது. நன்றாகக் காய்ந்த துணியைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, வெயில் அடிக்கிற நாளில் எடுத்து விரித்து வையுங்கள், பூஞ்சை பிடிக்காது.

இப்போது ஆகிப்போன அந்த நீளக் கவுனைப் பிரித்துவிடுங்கள். பிரித்த உல்லனை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து நிழலில் தொங்கவிட்டால் சுருள் போய்விடும். அதில் அடி அகலமான ஒரு தொங்கு பை பின்னிக் கொடுங்கள். தங்கை தாய் வீட்டில் இருக்கும் நாட்களில் குழந்தையின் துணி, பவுடர், எண்ணெய்க் குப்பி எல்லாவற்றையும் அதில் போட்டுச் சுவர் ஆணியில் மாட்டிக்கொள்வாள்.