இரவில் ஊற்றிய தயிர் காலையில் ஏன் புளிக்கிறது? தயிர், மோர், வெண்ணெய் கேள்வி பதில்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் பல வருஷம் பால் சோதனை பார்த்தவள் நான். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டுகிற லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, கொழுப்புப் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் பாலும் தயிரும்தான் காத்திருக்கும். இப்போது மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறேன். தயிருக்கு உறை ஊற்றுவது இன்னும் என் கைவேலைதான். தயிர், மோர், வெண்ணெய் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (வில்லாபுரம்): அக்கா, சித்திரை பிறந்ததிலிருந்து இரவு ஊற்றும் தயிர் காலையில் வாயில் வைக்க முடியாத புளிப்பு. மார்கழியிலோ காலை பத்து மணி வரை பாலாகவே நிற்கிறது. அதே பால், அதே உறைமோர். ஏன் இப்படி?

பதில்: பாலும் உறையும் மாறவில்லை, உங்கள் அடுப்படியின் சூடு மாறிவிட்டது. பாலைத் தயிராக்குகிற நுண்ணுயிர்களுக்குப் பிடித்த சூடு 40 டிகிரி செல்சியஸை ஒட்டியது. சித்திரை, வைகாசியில் மதுரை அடுப்படி இரவு பத்து மணிக்கும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. நாலைந்து மணி நேரத்தில் தயிர் உறைந்துவிடும். நீங்கள் எழுந்து பார்ப்பதற்குள் அது இன்னும் மூன்று நாலு மணி நேரம் பாலிலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றிக்கொண்டே இருக்கும்.

வெயில் காலத்தில் நான் பாலைக் காய்ச்சி முழுக்க ஆறவிட்டு, அரை லிட்டருக்குக் கால் டீஸ்பூன் உறைதான் விடுகிறேன். இரவில் ஊற்றுவதில்லை. காலை ஏழு மணிக்கு ஊற்றினால் பதினொன்றுக்குமேல் எட்டிப் பார்க்கலாம். சட்டியை லேசாகச் சாய்த்தால் தயிர் ஓரத்தை விட்டு மொத்தமாக ஒரு அசை அசைய வேண்டும். அசைந்ததா, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் இரவில்தான் ஊற்ற முடியும் என்றால், சட்டியை ஒரு தாம்பாளத்துத் தண்ணீரில் வைத்து, மேலே ஈரத்துணி சுற்றிவிடுங்கள்.

மார்கழிக்கு நேர்மாறு. பால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூனுக்குக் குறையாமல் உறை விட்டு, நன்றாகக் கலக்கி, ஹாட் பாக்ஸில் மூடி வையுங்கள். எங்கள் அப்பத்தா தயிர்ச் சட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி அரிசிப் பானைக்குள் இறக்கிவிடுவார். விடிந்ததும் அதைத் தூக்கும்போது சட்டியின் அடியில் இளஞ்சூடு இன்னும் இருக்கும்.

வெதுவெதுப்பு என்றால் எவ்வளவு என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கழுவின சுண்டு விரலைப் பாலில் விட்டு, நிதானமாகப் பத்து எண்ண முடிய வேண்டும். சந்தேகம் இருந்தால் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 40 முதல் 43 டிகிரி. பத்து நாளில் விரலுக்கே தெரிந்துவிடும். 60 டிகிரியில் இருக்கிற பாலில் ஊற்றினால் உறை செத்துப்போகும், அப்புறம் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் பால்தான்.

கேள்வி (திருநகர்): டாக்டர் ப்ரோபயாட்டிக் சாப்பிடச் சொன்னார். வீட்டுத் தயிர் போதுமா, கடையில் விற்கிற குப்பி வாங்க வேண்டுமா?

பதில்: அந்தச் சொல்லுக்கு ஒரு வரையறை இருக்கிறது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2001-இல் சொன்னது: உயிரோடு இருக்கிற, போதுமான அளவில் எடுத்தால் உடலுக்கு நன்மை செய்கிற நுண்ணுயிர்கள். இன்ன வகை, இத்தனை கோடி என்று சோதித்துப் போட்டதுதான் அந்தக் கணக்கில் வரும். நம் வீட்டு உறைமோரில் எந்தெந்த வகை, எவ்வளவு என்று யாரும் எண்ணவில்லை. வீட்டுக்கு வீடு அது வேறு. அதனால் ஒரு நோய்க்கென்று டாக்டர் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தால் அதையே வாங்குங்கள். பொதுவாக வயிறு நன்றாக இருக்கட்டும் என்று சொல்லியிருந்தால், வீட்டில் ஊற்றிய தயிரை தினமும் ஒரு கிண்ணம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். உயிருள்ள நுண்ணுயிர் அதில் ஏராளம், கூடவே புரதமும் சுண்ணாம்புச் சத்தும். வருஷம் முழுக்க விடாமல் சாப்பிடுகிற எளிய பண்டத்தின் பக்கம்தான் நான் நிற்பேன்.

ஒன்றை மறக்கக் கூடாது. மோர்க்குழம்பு கொதித்துவிட்டால் அதில் உயிர் இல்லை. வறுத்த மோர் மிளகாயிலும் இல்லை. ருசியும் சத்தும் இருக்கும், சாப்பிடுங்கள். நுண்ணுயிர் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி (ஒத்தக்கடை): பக்கத்து வீட்டு மாட்டுப் பால் வாங்குகிறோம். ஒரு வாரமாகத் தயிரே உறையவில்லை. உறைமோரை மாற்றியும் பார்த்துவிட்டோம்.

பதில்: இரண்டு டம்ளர் எடுங்கள். ஒன்றில் அந்தப் பால், இன்னொன்றில் பாக்கெட் பால். இரண்டையும் காய்ச்சி, ஒரே சூட்டில், ஒரே உறையை ஒரே அளவு விட்டு, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டுமே உறையவில்லை என்றால் கோளாறு உறையில் அல்லது சூட்டில். பாக்கெட் பால் மட்டும் உறைந்தால் கோளாறு அந்தப் பாலில்.

சொசைட்டியில் இந்தப் புகார் வந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, மாட்டுக்கு ஊசி போட்டீர்களா என்பதுதான். மடிநோய்க்குப் போடுகிற ஆன்டிபயாட்டிக் மருந்து சில நாள் பாலிலும் இறங்கும். நோய்க்கிருமியைக் கொல்கிற மருந்து உறைமோரையும் கொல்லும். மருந்துக்கு ஏற்றபடி இத்தனை நாள் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருப்பார். காசு போகிறதே என்று கறந்து விற்றுவிடுகிறவர்கள் உண்டு. சண்டைக்குப் போகாமல் கேட்டுப் பாருங்கள், மாடு வைத்திருப்பவருக்கும் அது கஷ்டகாலம். மருந்து நாள் முடிகிறவரை வேறு பால் வாங்குங்கள். பால் கெடாமலிருக்க ஆப்ப சோடா போட்டிருந்தாலும் உறைவது தள்ளிப்போகும்.

கேள்வி (வாடிப்பட்டி): நாட்டு மாட்டுப் பால். காய்ச்சினால் நல்ல கிருமியெல்லாம் செத்துவிடும், பச்சையாகவே உறை ஊற்று என்கிறார் என் மச்சான்.

பதில்: வேண்டாம் தம்பி. பச்சைப் பாலில் புருசெல்லா காய்ச்சலும் மாட்டுக் காசநோயும் வர வழி இருக்கிறது. நாட்டு மாடு என்றாலும் அப்படித்தான். புளித்துவிட்டது என்பதால் எல்லாக் கிருமியும் போய்விடாது. நல்ல நுண்ணுயிரைத்தான் காய்ச்சி ஆறிய பிறகு நாமே ஒரு கரண்டி விடுகிறோமே. பொங்கிய பாலை இன்னும் ஐந்து பத்து நிமிஷம் சிறு தீயில் விட்டால் இன்னொரு லாபமும் உண்டு. பாலிலுள்ள ஒரு புரதம் இளகி மற்றதோடு ஒட்டிக்கொள்ளும், தயிர் கெட்டியாக வரும்.

கேள்வி (சோழவந்தான்): கரண்டியில் எடுத்தால் தயிர் நூல் நூலாக வருகிறது. மேலே மஞ்சளாகத் தண்ணீரும் நிற்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம். தயிரிலிருந்து பிரிகிற நீர் அது. மஞ்சள் கலந்த பச்சை நிறம் ரிபோஃப்ளேவின் என்கிற வைட்டமினுடையது. கலக்கிவிடுங்கள், அல்லது சப்பாத்தி மாவு பிசைய எடுத்துக்கொள்ளுங்கள். நூல் வருவது பிசின் மாதிரி ஒன்றைச் சுரக்கிற பாக்டீரியா உறையில் ஓங்கிவிட்டதால். சூடு குறைவாக இருந்து மெதுவாக உறையும்போது இது அதிகம். மணமும் புளிப்பும் சரியாக இருந்தால் கெடுதல் இல்லை, ஆனால் அதிலிருந்து மறுபடி உறை எடுக்காதீர்கள். ரோஜா நிறம், கறுப்பு, பூசணம், அழுகல் வாடை, இதில் எது இருந்தாலும் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது. சட்டியோடு கொட்டிவிடுங்கள்.

கேள்வி (பழங்காநத்தம்): கல்யாண வீட்டுத் தயிர் மாதிரி வெட்டி எடுக்கிற பதம் வர எந்தப் பால், எந்தப் பாத்திரம்?

பதில்: எருமைப் பால் கிடைத்தால் பேச்சே இல்லை. இல்லையென்றால் பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்புள்ள ஃபுல் க்ரீம். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம்தான், தயிர் இளகலாகத்தான் வரும், மோருக்கு அது போதும். மண்சட்டி உபரி நீரை உறிஞ்சிக்கொள்ளும், வெளியே ஈரம் கசிந்து குளிர்ச்சியாகவும் வைத்திருக்கும். மானாமதுரைச் சட்டி வாங்கினால் உள்ளே பளபளவென்று பூச்சு இல்லாததாகப் பாருங்கள். சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், மண் அதைக் குடித்துக்கொள்ளும். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் தயிருக்கு ஆகாது.

கேள்வி (கே.கே. நகர்): மகளின் பள்ளி டப்பாவில் தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடுகிறது. அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள்.

பதில்: சாதத்தில் தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள். அன்று காலையில் வடித்த சோற்றை நன்றாகக் குழைத்து, முழுக்க ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பால் ஒரு டம்ளர், தயிர் ஒரே ஒரு டீஸ்பூன். கையில் எடுத்தால் ஒழுகுகிற பதம். சாப்பாட்டு மணி அடிக்கும்போது டப்பாவுக்குள்ளேயே உறைந்து இனிப்பான தயிர் சாதமாகியிருக்கும். சூடான சோற்றில் கலந்தால் தயிரின் உயிர் அங்கேயே போய்விடும். தாளிசத்தையும் ஆறவிட்டே கொட்டுங்கள். முந்தின நாள் சோறு இதற்குக் கூடாது.

கேள்வி (அண்ணா நகர்): பெங்களூரிலிருந்து தோழி கெஃபிர் விதை கொடுத்தாள். நம் ஊர் வெயிலில் தாக்குப்பிடிக்குமா? அதில் மது இருக்கிறதாமே, குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கெஃபிர் காகசஸ் மலை நாட்டுப் பண்டம். அந்த விதை பார்க்கக் காலிஃபிளவர் பூவின் சிறு துணுக்கு மாதிரி இருக்கும். பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஒன்றாகக் குடியிருக்கிற கட்டி அது. காய்ச்சி ஆறிய பால் 250 மில்லிக்கு ஒரு மேசைக்கரண்டி விதை. குளிர் நாட்டில் ஒரு நாள் ஆவது, நம் ஊரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஆகிவிடும். அதற்குமேல் விட்டால் திரிந்து தண்ணீர் தனியாகிவிடும். வடிகட்டி, விதையை உடனே புதுப் பாலில் போடுங்கள். ஊருக்குப் போனால் பாலோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகலாம். ஈஸ்ட் இருப்பதால் லேசான நுரையும், ஒரு சதவீதத்துக்கும் கீழே மதுவும் இருக்கும். அதனால் சிறு குழந்தைகளுக்கு நான் தயிரைத்தான் சொல்வேன். பெரியவர்கள் முதல் வாரம் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்குங்கள்.

கேள்வி (மேலூர்): ஏழு மாதக் குழந்தைக்குத் தயிர்? அப்புறம் எனக்குப் பால் குடித்தால் வயிறு உப்புகிறது, தயிரும் ஆகாதா?

பதில்: ஆறு மாதம் முடிந்தபின், மற்ற இணை உணவோடு புளிக்காத தயிர் ஒன்றிரண்டு கரண்டி கொடுக்கலாம், உப்பும் சர்க்கரையும் சேர்க்காமல். குடிக்கிற பாலாகப் பசும்பால் மட்டும் ஒரு வயது வரை வேண்டாம், தாய்ப்பால்தான். உங்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பால் சர்க்கரையை உடைக்கிற வேலையில் தயிரின் நுண்ணுயிர் கைகொடுக்கிறது. ஆனால் பால் ஒவ்வாமை, அதாவது தடிப்பு, வீக்கம், மூச்சு முட்டல் என்றால் தயிர், மோர் எதையும் தொடக் கூடாது. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தயிரோடு சேர்த்து விழுங்காதீர்கள், சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எத்தனை மணி நேரம் இடைவெளி என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (திருமங்கலம்): அத்தை, வீட்டில் வெண்ணெய் எடுக்க ஆசை. மிக்ஸியில் அடித்தால் நுரைதான் வருகிறது.

பதில்: இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். முதலில் பாக்கெட்டைப் பாருங்கள். ஹோமோஜனைஸ்டு என்று போட்டிருந்தால் கொழுப்பைப் பொடிப்பொடியாக உடைத்துவிட்டிருப்பார்கள், ஆடை சரியாகக் கட்டாது. மற்றப் பாலில், காய்ச்சி ஆறியபின் கட்டுகிற ஆடையை ஒரு கிண்ணத்தில், ஒரு கரண்டி தயிரோடு, தினமும் சேர்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் ஆனதும் வெளியே எடுத்து, உறைந்து மணம் வரும்வரை நாலைந்து மணி நேரம் விட்டு, மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு, விடியற்காலையில் கடையுங்கள். நுரை வருவதற்குக் காரணம் சூடு. வெண்ணெய் இளகினால் திரளாது. குளிர்ந்த தண்ணீரை அவ்வப்போது தெளித்து, மிக்ஸியானால் விட்டுவிட்டு அடியுங்கள்.

எங்கள் வீட்டில் ஞாயிறு காலை பேத்தி மத்தைப் பிடித்துக்கொள்வாள். முதலில் களக் களக் என்று தண்ணீர்ச் சத்தம். பிறகு சத்தம் கனத்து, மத்து கையை இழுக்கும். இன்னும் பத்துச் சுற்று, மத்தின் இதழ்களில் கடுகு கடுகாக ஒட்டத் தொடங்கும். அப்போது நிறுத்திக் கையால் திரட்டுங்கள். ஐஸ் தண்ணீரில் இரண்டு மூன்று முறை, நீர் தெளிகிறவரை கழுவினால் வெண்ணெய் நாறாது. அவள் பங்கு சுண்டைக்காய் அளவு, உள்ளங்கையில் வைத்தே நக்கிவிடுவாள். மிஞ்சுகிற மோர்தான் எனக்கு முக்கியம். கொழுப்புப் பிரிந்த, உயிருள்ள மோர். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தட்டிப் போட்டு வீட்டில் ஆளுக்கொரு டம்ளர்.

கேள்வி (செல்லூர்): அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். நூறு பேருக்கு அளவு?

பதில்: ஆளுக்கு 200 மில்லி என்றால் 20 லிட்டர். 4 லிட்டர் தயிர், 16 லிட்டர் தண்ணீர். காய்ச்சி ஆறிய தண்ணீர் அல்லது நல்ல கேன் தண்ணீர் மட்டும். மீனுக்குப் போடுகிற கட்டி ஐஸை மோரில் போடாதீர்கள், பாத்திரத்தைச் சுற்றி வெளியே வையுங்கள். மொத்தமும் ஒரே நேரத்தில் கரைக்க வேண்டாம், கூட்டம் வர வர அண்டா அண்டாவாகக் கரையுங்கள்.

கேள்வி (ஆனையூர்): பத்து நாள் வெளியூர் போய்வந்தோம். உறைமோர் போய்விட்டது. மாமியார் கொடுத்த உறை அது, மனசே ஆறவில்லை.

பதில்: எனக்கும் இது நடந்திருக்கிறது. ஊரில் இல்லாதபோது கரண்ட் போய், ஃபிரிட்ஜ் திறந்தபோது எல்லாம் பூசணம். அதிலிருந்து, வெளியூர் போகும்முன் புதுத் தயிரை ஐஸ் தட்டில் நாலு குழியில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, தங்கை வீட்டிலும் ஒரு கரண்டி கொடுத்துவைக்கிறேன். உங்கள் மாமியார் உறையை வாங்கிக்கொண்டு போன சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள், விசாரியுங்கள்.

யாரும் இல்லை என்றால், வெதுவெதுப்பான பாலில் கழுவின பச்சை மிளகாய்க் காம்பு ஏழெட்டு முங்கப் போட்டு, கதகதப்பில் வையுங்கள். காம்பில் ஒட்டியிருக்கிற நுண்ணுயிரே பாலை உறைய வைக்கும். முதல் ஊற்று இளகலாக, ஒரு மாதிரி மணத்தோடு வரும், அதைச் சாப்பிட வேண்டாம். அதில் ஒரு கரண்டி எடுத்து மறுபடி, அதிலிருந்து இன்னொரு முறை. மூன்றாம் ஊற்றில் தயிர் மணம் வரும். அதுவரை பக்கத்து வீட்டில் உறை வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் நம் தெருக்களில் கொடுக்க மாட்டார்கள், வியாழக்கிழமை பகலிலேயே கிண்ணத்தோடு போய்விடுங்கள்.