அலுவலகக் கோட்லெஸ் போனின் சிக்னல் பலத்தை நாமே சோதிக்க முடியுமா?

தாராளமாக முடியும். கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. உங்களுக்கும் பின் அறையில்தான் குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது என்று நினைக்கிறேன். எந்தக் கந்தோரிலும் அப்படி ஒரு அறை இருக்கும்.

எங்கள் கந்தோர் யாழ்ப்பாணத்தில் ஸ்டான்லி வீதிப் பக்கம், பழைய நாற்சார் வீடு. சுண்ணாம்புக்கல் சுவர், ஒன்றரை அடிக்குக் குறையாது. போன் பூட்ட வந்த தம்பி இரண்டு பேஸை, அதாவது கைப்போனுக்குச் சிக்னல் கொடுக்கும் பெட்டிகளை, வைத்துவிட்டு, "வைஃபை குழப்புது அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் செட் டெக்ட் வகை, கோட்லெஸ் போனுக்கென்றே உள்ள ரேடியோ முறை, 1880 முதல் 1900 மெகாஹேர்ட்ஸில் ஓடுவது. வைஃபை 2.4, 5 கிகாஹேர்ட்ஸில். இரண்டுக்கும் என்ன சோலி?

சனிக்கிழமை மத்தியானம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அறைகளைக் கீறிக்கொண்டு நானே இறங்கினேன். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். பல செட்டுகளில் அளவை எண்ணாகக் காட்டும் ஒரு பக்கம் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும், கையேட்டைப் பாருங்கள். ஒரு பேஸை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் அளக்க வேண்டும். கதவுகளைச் சாத்தி, போனைக் காதில் வைக்கும் உயரத்தில் பிடித்து, நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். நம் உடம்பே சிக்னலை மறைக்கும்.

முன்விறாந்தையில் மைனஸ் 58. பின் அறையில் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் மைனஸ் 88. மைனஸ் என்பதால் எண் கூடக்கூடச் சிக்னல் குறைவு. 30 டெசிபல் வித்தியாசம் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது! எஞ்சினியர்மார் சண்டைக்கு வர வேண்டாம், நான் கணக்கு எழுதுகிறவன். ஆனால் எங்கள் கட்டடத்தில் 70 தாண்டினாலே கரகரப்புத் தொடங்கியது.

பேஸை அலுமாரிக்கு மேலே, கூரைப் பக்கமாக ஏற்றியதும் 67 ஆனது. அப்புறம் இரண்டு பேஸையும் போட்டு, வேலை செய்யும் தங்கச்சியைக் கோட்லெஸ் போனில் ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ணிக்கொண்டு நடக்கச் சொல்லி, மறுமுனையில் நான் கேட்டேன். முதல் தடவை நடையில் முப்பத்தேழு காணாமல் போனது. அங்கேதான் போன் ஒரு பேஸை விட்டு மற்றதுக்கு மாறுகிறது. மற்றப் பேஸை ஒரு யார் உள்ளே தள்ளியதும் ஐம்பதும் கேட்டது.

போன் பூட்டியவர்கள் பில்லில் 'சிக்னல் ஆய்வு' என்று தனியாக ஒரு வரி போட்டுக் காசு வாங்கியிருந்தார்கள். முதலாளி மறுபேச்சில்லாமல் கொடுத்தார். கணக்கறை ஃபான் சித்திரையிலிருந்து சுற்றவில்லை, அதற்கு மட்டும் "பாப்பம்" என்கிறார்.