இன்டர்நெட் போனாலும் பில் போட வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நாங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலசரக்குக் கடை ஒன்று தொடங்கப் போகிறோம். பில் போட இரண்டு கொம்பியூட்டர், பின் அறையில் கணக்குக்கு ஒன்று, ஒரு பிரிண்டர், நாலு கமரா. ஃபைபர் இணைப்புத் தந்தவர்கள் ரவுட்டர் ஒன்றும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாவற்றையும் வை-ஃபையில் விடலாம் என்கிறார் ஒருவர். வயர் இழுத்தால்தான் சரி என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வயர் இழுக்கச் சொன்னவரைக் கேளுங்கள், தங்கச்சி. இடம் மாறாமல் இருக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் வயர், கையில் கொண்டு திரிகிற ஃபோனுக்கும் டேப்லெட்டுக்கும் வை-ஃபை. அதிலும் நம் பக்கத்துப் பழைய கல்வீடுகளைத்தான் பலர் கடையாக மாற்றுகிறார்கள், அந்தச் சுண்ணக்கல் சுவர் ஒன்றைத் தாண்டுவதற்குள்ளேயே வை-ஃபை பாதி செத்துவிடும், வேகமான 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை இன்னும் மோசம்.

ஆனால் வயருக்கு முன்னால் ஒரு விஷயம். கடைக்குள் இருக்கும் நெட்வேர்க் வேறு, வெளியே போகும் இன்டர்நெட் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான், இன்டர்நெட் போனவுடன் கடையே நின்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சாமான் விபரம் எல்லாம் உங்கள் பின் அறை கொம்பியூட்டரில் இருந்தால், வீதியில் ஃபைபர் அறுந்தாலும் முன்னால் இருக்கிற இரண்டும் அதோடு பேசிக்கொண்டே இருக்கும், பில்லும் வரும். விபரம் எல்லாம் எங்கோ வெளிநாட்டுச் சேர்வரில் இருந்தால் வராது. ஆகவே பில் மென்பொருள் விற்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, “இன்டர்நெட் இல்லாத நேரம் பில் போடுமா?” என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, ஃபைபர் வயரைக் கழற்றிவிட்டுப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, என்ன வாங்குவது? 8 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று போதும், கடைக்குள் எல்லா நெட்வேர்க் வயரும் வந்து சேர்கிற பெட்டி அது. மூன்று கொம்பியூட்டர், பிரிண்டர், கமரா ரெக்கோடர், ரவுட்டர், மொத்தம் ஆறு வயர் அதில் வரும், இரண்டு போர்ட் மிச்சம். கமராக்களின் வயர் நேரே ரெக்கோடருக்குப் போகட்டும், சுவிட்சுக்குள் கொண்டுவர வேண்டாம்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் கேபிள். கேட் 6 என்று கேபிளின் தரத்தைப் பெட்டியில் அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது முழுச் செம்புதானா என்று பாருங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய கேபிள் சந்தையில் தாராளமாக வருகிறது, விலையும் குறைவு. கேபிளுக்குள் இருக்கிற ஒரு சின்ன வயரை எடுத்து பிளேட்டால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது வளைத்த இடத்தில் முறியும், தலை அடித்த, அதாவது முனையில் பிளக் பொருத்திய இடத்தில் நாளடைவில் தொடுகை விடும். சுவருக்குள் புதைத்த பிறகு அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரிய பாடு.

தலை அடிக்கும்போது இரண்டு முனையிலும் ஒரே நிற ஒழுங்கு: வெள்ளை ஒரேஞ்ச், ஒரேஞ்ச், வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். உள்ளே வயர்கள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும், அந்த முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. அந்த முறுக்குத்தான் பக்கத்து வயரின் இரைச்சலை வெட்டுகிறது. வேலை முடிந்ததும் கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரிகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். நீலமோ மண்ணிறமோ பிடிக்காவிட்டால் பல வேளைகளில் இணைப்பு அறுபடாது, 1000 மெகாபிட்டுக்குப் பதிலாக 100இல் ஓடும், யாருக்கும் தெரியாது. கரண்ட் வயர் போகும் குழாய்க்குள் இதையும் சேர்த்துத் திணிக்க விடாதீர்கள்.

இன்னொன்று மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பில் போடும் கொம்பியூட்டருக்கு யூபிஎஸ் வாங்குபவர்கள் சுவிட்சை மறந்துவிடுகிறார்கள், கரண்ட் போனதும் கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் பின் அறையோடு பேச வழியில்லை. ரவுட்டர், ஃபைபர் பெட்டி, சுவிட்ச் மூன்றுக்கும் சின்ன டிசி யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்க முன் ஒவ்வொரு அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்டையும் அம்பியரையும் குறித்துக்கொண்டு போங்கள். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட், சின்ன சுவிட்ச் சில 5, சில 9. கூடிய வோல்டை மாறிக் கொடுத்தால் எரிந்துவிடும்.

கேள்வி: கடைக்கும் வளவின் கடைசியில் இருக்கும் ஸ்டோருக்கும் இடையில் 40 மீற்றர். மதில் வழியாக நெட்வேர்க் வயர் இழுக்கலாமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: 40 மீற்றர் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, இந்த வயர் 100 மீற்றர் வரை தாங்கும். பயம் மின்னலுக்குத்தான். ஐப்பசி இடி மழை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு கட்டடங்களை ஒரு செம்பு வயரால் இணைத்தால், பக்கத்துக் காணியில் மின்னல் விழுந்தாலே போதும், இரண்டு பக்கத்து மண்ணிலும் மின்னழுத்தம் வேறுபட்டு, அந்த வயர் வழியே பாய்ந்து இரு முனையிலும் இருக்கிற சாமானைக் கருக்கிவிடும். ஆகவே ஃபைபர் இழுங்கள். இரண்டு முனைக்கும் மீடியா கன்வேர்ட்டர் ஒவ்வொன்று, ஃபைபரைச் செம்பு வயரோடு இணைக்கிற சின்னப் பெட்டி அது. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. ஆனால் சில ஃபைபர் கேபிளில் தாங்குவதற்கென்று இரும்புக் கம்பி ஒன்று சேர்ந்திருக்கும், கம்பி இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்துங்கள். வயர் இல்லாமல் இரண்டு அன்டெனா வைத்தும் செய்யலாம்தான், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று நேரே பார்க்க வேண்டும். நடுவில் மாமரம் நின்றால் மழை நாளில் இலை முழுக்கத் தண்ணீர், இணைப்பு தள்ளாடும்.

கேள்வி: ஃபோட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். சில நாள் காலையில் கடை திறந்தால் பிரிண்டர் ஓஃப்லைன் என்று காட்டுகிறது. அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால் வேலை செய்கிறது. பிரிண்டரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், நெல்லியடி

பதில்: மாற்ற வேண்டாம் தம்பி, பிரிண்டர் நல்லாகத்தான் இருக்கும். ஒழுங்கையில் வீட்டு இலக்கம் அடிக்கடி மாறினால் தபால்காரர் என்ன செய்வார்? அதுதான் நடக்கிறது. ரவுட்டர் ஒவ்வொரு சாமானுக்கும் ஐபி இலக்கம் ஒன்றைத் தற்காலிகமாகக் கொடுக்கும். இரவு எல்லாவற்றையும் நிறுத்திக் காலையில் போடும்போது பிரிண்டருக்கு வேறு இலக்கம் வந்துவிடலாம், கொம்பியூட்டரோ பழைய இலக்கத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிண்டரிலிருந்து நெட்வேர்க் விபரத் தாளை அடித்து எடுங்கள், அதில் மேக் முகவரி இருக்கும், அது பிரிண்டருக்குள்ளேயே பதிந்திருக்கும் மாறாத அடையாளம். பிரௌசரில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, முகவரி ஒதுக்கும் இடத்தில் அந்த மேக் முகவரிக்கு 192.168.1.20 என்பது போல ஒன்றை நிரந்தரமாகக் கொடுங்கள். உங்கள் ரவுட்டர் முதல் மூன்று இலக்கத்தை வேறாக வைத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். பிறகு கொம்பியூட்டரில் பிரிண்டரை அந்த இலக்கத்தைக் கொடுத்தே சேர்க்க வேண்டும், விண்டோஸ் தானாகத் தேடிச் சேர்க்க விடாதீர்கள்.

கேள்வி: வாடிக்கையாளருக்கு வை-ஃபை கொடுக்கலாமா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: தாராளமாக, ஆனால் கெஸ்ட் நெட்வேர்க்கில் மட்டும், அதாவது கடைச் சாமான்களிலிருந்து பிரித்து வெளி ஆட்களுக்கென்று ரவுட்டர் தரும் தனி வை-ஃபையில். அதற்கு முன் ரவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அது வை-ஃபை கடவுச்சொல் அல்ல, வேறு. பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பதையே பலர் வைத்திருக்கிறார்கள். எல்லாம் செய்த பிறகு உங்கள் ஃபோனைக் கெஸ்டில் இணைத்து, பிரௌசரில் பிரிண்டரின் ஐபி இலக்கத்தை அடித்துப் பாருங்கள். பிரிண்டர் பக்கம் திறந்தால் பிரிப்பு வேலை செய்யவில்லை, அதைச் சரிப்பண்ணும் வரை கெஸ்ட் கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டாதீர்கள்.