பெல்ட்டை நானே மாற்றினால் எவ்வளவு மிச்சம்?

கேள்வி: உசிலம்பட்டியில் குடியிருக்கிறேன். மதுரையில் தனியார் வேலை, கைக்கு 46,000 வருகிறது. 2014 மாடல் டஸ்டர் டீசல் காரைப் பழையதாக வாங்கினேன். 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்ற மெக்கானிக் 16,500 கேட்கிறார். சாமான் 10,000, கூலி 6,500. யூடியூப் பார்த்து நானே மாற்றினால் கூலி மிச்சம். வீட்டில் பயப்படுகிறார்கள். 2021இல் அக்காவின் மூத்த மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் செய்ய மனைவியின் 8 பவுனை 2 லட்சத்துக்கு அடகு வைத்தேன். வட்டியைத் தவறாமல் கட்டி வருஷா வருஷம் மாற்றி வைக்கிறேன். ரசீதுகளை அனுப்பியுள்ளேன். சின்னவளுக்கு வரும் தையில் காதுகுத்து. மாதம் 2,000 ரூபாய்க்கு போனில் டிஜிட்டல் தங்கமும் வாங்குகிறேன், 26,000 சேர்ந்திருக்கிறது. பெல்ட்டை நானே மாற்றலாமா?

பதில்: வேண்டாம். கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அந்த வேலைக்கு, பெல்ட் இணைக்கும் கிராங்க், கேம் என்ற இரண்டு தண்டுகளையும் அசையாமல் பூட்டும் பின்கள் வேண்டும், போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச் வேண்டும், இஞ்சினைப் பிடித்திருக்கும் மவுன்ட்டைக் கழற்றும்போது அதைத் தாங்க ஜாக் வேண்டும். எல்லாம் சேர்த்து சுமார் 5,000. ஆக மிச்சம் 1,500. பிஸ்டனும் வால்வும் முறை மாறாமல் ஓட வைப்பது இந்த பெல்ட்தான்; அந்த டைமிங் தப்பினால் உங்கள் இஞ்சினில் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். வால்வுகள் இருக்கும் ஹெட்டைக் கழற்றினால் ஐம்பது, அறுபதாயிரம் இல்லாமல் காரை வெளியே எடுக்க முடியாது. அதுவும் ஆண்டிபட்டி கணவாயில் குடும்பத்தோடு நின்றால் இழுவை வண்டி வாடகை தனி. காப்பீடும் கைகொடுக்காது, மெக்கானிக்கல் பழுது பாலிசியில் சேராது. 'இஞ்சின் புரொடெக்ட்' என்று கூடுதலாக விற்பது தண்ணீர் புகுந்தது, ஆயில் ஒழுகியது மாதிரியான சேதத்துக்குத்தான்.

பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். அந்த பம்ப்பை ஓட்டுவதும் இதே பெல்ட்தான்; அதற்காகப் பிறகு இன்னொரு முறை பிரித்தால் கூலியும் இன்னொரு முறை. கைவேலை ஆசை இருந்தால் ஏர் ஃபில்டரை மாற்றிப் பழகுங்கள்.

சரி, பெல்ட் கதை முடிந்தது. உங்கள் ரசீதுகளுக்கு வருகிறேன்.

ஐந்தையும் தரையில் வரிசையாக வைத்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். ஓரத்தில் குழந்தையின் கால் விரல் தெரிகிறது. 2021இல் 2,00,000. அடுத்தது 2,30,000. அப்புறம் 2,60,000, 3,20,000. கடைசியில் 4,00,000. நகை அதே எட்டு பவுன்தான். தங்கம் விலை ஏற ஏற, மாற்றி வைக்கும் ஒவ்வொரு முறையும் "கூடக் கிடைக்குதே" என்று வாங்கியிருக்கிறீர்கள்.

"வட்டியைத் தவறாமல் கட்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். 12 சதவீதத்தில் நான்கு வருஷ வட்டி 1,21,200. அந்த நான்கு வருஷத்தில் கூடுதலாக வாங்கியது 2,00,000. அப்படியென்றால் உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய்கூட வட்டி போகவில்லை. கடனை வாங்கி கடனுக்கு வட்டி கட்டியிருக்கிறீர்கள். மீதி 78,800 சொந்தக்காரர் விசேஷங்களுக்குச் செய்த செய்முறையில் கரைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது வருஷ வட்டி 48,000, அதாவது மாதம் 4,000. பெல்ட் செலவு முழுவதுமே நாலு மாத வட்டிதான். 1,500 ரூபாயை மிச்சம் பிடிக்க காருக்கு அடியில் படுக்கத் தயாராக இருக்கும் மனிதர் இதைக் கவனிக்காமல் விட்டதுதான் எனக்கு ஆச்சரியம்.

டிஜிட்டல் தங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. சொந்தத் தங்கத்தை 12 சதவீத வட்டிக்கு வைத்துவிட்டு, 3 சதவீத ஜிஎஸ்டி கொடுத்து ஆப்பில் வேறு தங்கம் வாங்குவதில் என்ன கணக்கு இருக்கிறது? இது தன் கட்டுப்பாட்டுக்குள் வராத பொருள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது. இந்த வாரமே விற்றுவிடுங்கள். பெல்ட் செலவு போக ஒன்பதாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். அதை இந்த வருஷ வட்டிக்கு ஒதுக்குங்கள். மாதம் 2,000 போவதும் நிற்கட்டும்.

அடகை மாற்றி வைக்கும் தவணை வரும்போது கூடுதலாக ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். எட்டு பவுனையும் ஒரே ரசீதில் போடாமல் இரண்டு அடகாகப் பிரித்து வையுங்கள். பாதியை மட்டும் முதலில் திருப்பலாம். நான் என்றால் அதையும் செய்ய மாட்டேன். இன்றைய விலைக்கு நாலைந்து பவுனை விற்றால் கடன் மொத்தமும் அடையும், மீதி நகை வீட்டுக்கு வரும். ஆனால் அது உங்கள் மனைவியின் நகை. அவர் சம்மதித்தால்தான்.

சின்னவள் சீர்தான் மிச்சம். மூத்தவளுக்கு 2 லட்சத்துக்குச் செய்ததால் இவளுக்குக் குறையக் கூடாது என்று அக்கா நினைப்பார், ஊரும் பேசும். ஆனால் ஒரு மோதிரமும் பட்டுப்பாவாடையும் வைத்தாலும் நீங்கள் தாய்மாமன்தான். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் நேரில் போங்கள். மச்சான் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து, அடுப்படியில் உட்கார்ந்து, அந்த ஐந்து ரசீதையும் அக்கா கையில் கொடுத்துப் பேசுங்கள்.