மரக்காட்டுப் பள்ளிக்கூடம்: சேறு, இருட்டு, உண்ணி

தங்கச்சி, இங்கிலாந்தில மரக்காட்டு வளவுக்குள்ள இருக்கிற அரசுப் பள்ளிக்கூடத்தில மகனை இயர் செவனுக்கு, அதாவது 11 வயசில சேருற இடைநிலைப் பள்ளியின்ர முதல் வகுப்புக்குப் போடலாமோ, விசாவில பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசாங்க உதவிப்பணம்) இல்லையெண்டு கிடக்கே எண்டு கேட்டிருந்தியள். அரசுப் பள்ளிப் படிப்பு அந்தக் கணக்கில வராது, போடலாம்.

விண்ணப்பம் நீங்கள் இருக்கிற இடத்துக் கவுன்சிலுக்குத்தான் (உள்ளூராட்சி சபை). சேருறதுக்கு முந்தின வருசம் ஒக்டோபர் 31க்குள்ள போடவேணும். மார்ச் 1 அளவில முடிவு வரும். ஒரு பள்ளிக்கூடத்தை மட்டும் எழுதிவிடாதேங்கோ. அது கிடைக்காட்டி, இடம் மிஞ்சின எங்கையாவது தள்ளிவிடுவினம்.

கனபேர் பிழைவிடுறது பஸ்ஸில. இலவச பஸ் கிடைக்க நடைதூரம் 3 மைலுக்கு மேல இருக்கவேணும். அதோட, இடம் இருக்கிற பொருத்தமான பள்ளிக்கூடங்களில அதுதான் உங்களுக்குக் கிட்டினதாயும் இருக்கவேணும். கிட்ட ஒண்டு இருக்க, காடு வடிவெண்டு தூரத்ததை எடுத்தால் பஸ் காசு பெரும்பாலும் உங்கட தலையில. பாதை ஆபத்தெண்டால் 3 மைலுக்குள்ளயும் கேக்கலாம். ஆனால் பெரியாள் கூடப் போனாலும் ஆபத்தோ எண்டுதான் பார்ப்பினம்.

பெற்றோர் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்க்கிற ஓப்பன் டே பெரும்பாலும் இலை பழுக்கிற காலத்தில வரும். ஆருக்கும் பிடிக்கும்! ஆனால் நவம்பர் கடைசியில, மழை நாளில, பள்ளி விடுற நேரம் ஒருக்காப் போய்ப் பாருங்கோ. டிசம்பரில லண்டன் பக்கம் 4 மணிக்கு முதலே பொழுதுபட்டிடும். வாசலில இருந்து பஸ் தரிப்பு வரைக்கும் விளக்கு இருக்கோ? பின்னேர கிளப் முடிய அடுத்த பஸ் எத்தினைக்கு?

சப்பாத்து அடிப்பிடிப்பு உள்ள கறுப்புத் தோலாயிருக்கட்டும். நனைஞ்சால் உள்ளுக்குப் பேப்பர் திணிச்சுக் காயவிடுங்கோ. ரேடியேற்றரில வைச்சால் தோல் வெடிக்கும். சேறு படுறதால காற்சட்டை மூண்டு வேணும்.

காட்டில உண்ணி வசந்தத்தில இருந்து இலையுதிர்காலம் வரைக்கும் அதிகம். முழங்காலுக்குப் பின்பக்கம், கமக்கட்டு, தொடையிடுக்கு, பிடரி மயிரோரம் பாருங்கோ. கடிச்சிருந்தால் கூர்ச் சாமணத்தால தோலோட ஒட்டிப் பிடிச்சு, நசுக்காமல் மெல்ல நேர மேல இழுங்கோ. எண்ணெய் பூசுறது, நெருப்பால சுடுறது வேண்டாம். உண்ணி வயித்தில உள்ளதைக் காயத்துக்குள்ளயே கக்கிவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கோ. உண்ணிக் கடியால வாற லைம் நோயின்ர தடிப்பு வட்டமாய்ப் பரவும். அது கடிச்சு 3 மாதம் வரைக்கும் வரலாம். எங்கட மாதிரித் தோலில சிவப்பு வடிவாத் தெரியாது, அதால வெளிச்சத்தில பாருங்கோ. கண்டால் ஜிபியிட்ட (குடும்ப டொக்டர்) உண்ணி கடிச்சதையும் சொல்லுங்கோ.

ஏப்ரலில பேர்ச் மரத்தின்ர மகரந்தத் தூளால சிலருக்கு அலர்ஜி வந்து மூக்கு ஒழுகும். அலர்ஜிக் குளிசையைப் பையில போட்டு அனுப்பாதேங்கோ. பள்ளிக்கூட ஒஃபிசில ஃபோம் நிரப்பிக் குடுக்கவேணும்.