கொட்டகையில் நிற்கும் மெட்டடார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் உசிலம்பட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். நானும் மனைவியும் வேனிலேயே படுத்து, சமைத்து, மேகமலை, தனுஷ்கோடி என்று நிதானமாகச் சுற்றி வர ஆசைப்படுகிறோம். கையில் இருப்பது 2,50,000 ரூபாய்தான். பேரையூர் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் 1994ஆம் ஆண்டு மெட்டடார் வேன் ஒன்று நிற்கிறது, டி.என். 59 பதிவு. உரிமையாளர் காலமாகிவிட்டார். பேரன் 90,000 ரூபாய் கேட்கிறார். பதிவு 2019இல் முடிந்துவிட்டது என்றும், வண்டி ‘வின்டேஜ்’ என்பதால் இனி விலை ஏறும் என்றும் சொல்கிறார். மதுரையில் ஒரு தரகர், மஞ்சள் போர்டு போட்ட (வாடகை வண்டியாகப் பதிவான) 2008ஆம் ஆண்டு டிராவலர் வேனை 2,40,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: ஐயா, உங்கள் தேவைக்கும் கையிருப்புக்கும் மெட்டடாரே பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் வாரிசு பெயருக்குப் பதிவு மாறி, பதிவுப் புதுப்பிப்பும் முடிந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். அதற்கு அந்தக் குடும்பத்தார் இசையாவிட்டால், வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். எஞ்சினைப் பிரித்து மாட்டலாம், மக்கிய தகரத்தை வெட்டி ஒட்டலாம், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சிக்கலை எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது.

டிராவலரை நான் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் வண்டியின் தரமன்று. மஞ்சள் போர்டு வண்டியைச் சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டுமானால், பெர்மிட்டை ஒப்படைத்து, வரி நிலுவை இருந்தால் கட்டி, வகை மாற்றத்துக்கு விண்ணப்பித்து, சொந்த வாகனத்துக்கான வரியையும் செலுத்த வேண்டும். அதை மாற்றாமல் ஓட்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு நிற்க வேண்டியிருக்கும். 2,40,000 ரூபாயை விலையாகவே கொடுத்துவிட்டால், மீதமிருக்கும் 10,000 ரூபாயில் நான்கு டயர்கூட வாங்க இயலாது.

இனி மெட்டடாருக்கு வருவோம். பேரன் உங்களுக்கு நேரடியாக விற்க முடியாது. பதிவு பெற்ற உரிமையாளர் இறந்துவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, படிவம் 31இல் விண்ணப்பித்து வாரிசின் பெயருக்கு முதலில் பதிவை மாற்ற வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தேவை. வாரிசுகள் பலர் இருந்தால், மற்றவர்கள் அனைவரும் ஒருவருக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தர வேண்டும். தாத்தாவின் பெயரில் இருக்கும் வண்டிக்கு அத்தை, சித்தப்பா என்று எத்தனை பேருக்கு உரிமை இருக்கிறது என்பதைத் தோட்டத்துக்குப் போய் அந்த வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டறிவது நல்லது. அதன் பிறகுதான் படிவம் 29, 30 ஆகியவற்றில் வாரிசும் நீங்களும் கையெழுத்திட வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் பழைய கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35ஐயும் கேட்டு வாங்குங்கள்; முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கடன்தானே என்று அலுவலகத்தில் யாரும் விட்டுவிடமாட்டார்கள்.

பதிவு முடிந்த வண்டியைப் புதுப்பிக்க படிவம் 25இல் விண்ணப்பித்து, வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். 15 ஆண்டுகளைக் கடந்த இலகுரக வாகனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக இருந்தது. 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு அது 10,000 ரூபாய் என 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. தாமதக் கட்டணமும் பசுமை வரியும் இதற்கு மேல் வரும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு மதுரை வடக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நேரில் சென்று, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்வது முற்றிலும் நியாயமானது.

‘வின்டேஜ்’ என்னும் பேச்சை நம்ப வேண்டாம். 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிதான் அந்தப் பெயரில் பதிவு பெற முடியும். அப்படிப் பதிவு பெற்றாலும் அதை அன்றாடம் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. 1994ஆம் ஆண்டு வேன் என்பது பழைய வேன், அவ்வளவுதான். விலையும் அதற்கேற்பவே இருக்க வேண்டும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், ஒரு டார்ச் விளக்கு, ஒரு ஸ்குரூடிரைவர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இதை நான் பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், கடலோரக் கிராமம் ஒன்றில், புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நின்ற வேனை வாங்கினேன். எஞ்சின் சத்தத்தை அரைமணி நேரம் கேட்டவன், தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ரப்பர் விரிப்பைச் சுருட்டியபோது, அடியில் ஈரமும் செம்மண் நிறத் தூளும் இருந்தன. ஸ்குரூடிரைவரின் நுனியை வைத்து லேசாக அழுத்தினேன். பொரித்த அப்பளம் நொறுங்குவதுபோல் தகரம் நொறுங்கிற்று. அந்தத் துளை வழியே கீழே கிடந்த புளிய இலைகள் தெரிந்தன. டிங்கரிங் வேலைக்கு நான் கொடுத்த பணம், வண்டிக்குக் கொடுத்த விலையைத் தாண்டியது.

பேரையூர்ப் பக்கம் வறண்ட பூமி என்பதால், உப்புக்காற்றில் நின்ற வண்டிகளைவிட உங்கள் வண்டியின் தகரம் நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதே கொட்டகையில் மாடுகளையும் கட்டியிருந்தார்களா என்று கேளுங்கள். சாணமும் கோமியமும் ஊறிய தரையில் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டிக்கு அடித்தகரமே முதலில் போகும். கண்ணாடி ரப்பரின் கீழ் விளிம்பு, கூரை ஓரத்து நீர்க்கால், சக்கர வளைவுகள், கதவுகளின் அடிப்பகுதி, பேட்டரி வைக்கும் தட்டு ஆகிய இடங்களில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது என்று பொருள். சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) அடித்திருக்கும் எண்ணைத் துடைத்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவதையும் அப்போதே முடித்துவிடுங்கள். வைக்கோல் போரை ஒட்டி நின்றிருந்தால் எலி ஒயரைக் கடித்திருக்கும். ஒயரிங் முழுவதையும் புதிதாக இழுக்க வேண்டியிருக்கும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. மெட்டடாரில் வந்த மெர்சிடிஸ் வடிவமைப்பு டீசல் எஞ்சின், மெட்டடாரைத் தயாரித்த பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் டிராக்ஸ், டிராவலர் வண்டிகளிலும் ஓடியது. அதனால் பிஸ்டன், நாசில், பம்ப் வேலை தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். கிடைக்காதவை முன்கண்ணாடி, கண்ணாடி ரப்பர், கதவுப்பூட்டு போன்ற பாடிச் சாமான்கள்தான். அவை உடையாமல் இருக்கின்றனவா என்பதை எஞ்சினைவிடக் கவனமாகப் பாருங்கள்.

ஆறேழு ஆண்டுகள் ஓடாமல் நின்ற எஞ்சினுக்குப் பேட்டரியைக் கொடுத்து உடனே சாவியைத் திருகக் கூடாது. ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, ஸ்பானரால் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய டீசலை வடித்து, ஃபில்டரையும் எஞ்சின் ஆயிலையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடத் தொடங்கி எஞ்சின் சூடேறிய பிறகு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மெல்லிய மூச்சுப்போல் காற்று வந்தால் குறையில்லை. புகையோடு கையைத் தள்ளும் அளவுக்கு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் (போர் போடும்) செலவு காத்திருக்கிறது. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை பெரும்பாலும் ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் ஆகியவற்றின் கோளாறு.

ஆனால் இவ்வளவையும் தோட்டத்துக்குள்ளேயே செய்ய வேண்டும். பதிவும் காப்பீடும் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும். ஆய்வுக்குக் கொண்டுபோவதானாலும் லாரியில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும். புதுப்பிப்பும் காப்பீடும் முடிந்த பின், மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், ஒரு நல்ல வெயில் நாளில் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு ஓட்டிச் செல்லுங்கள். உங்கள் ஊரிலிருந்து தேனிச் சாலையில் அது அருகில்தான். ஏற்றத்தில் சூடு முள் எங்கே நிற்கிறது, கிளச் வழுக்குகிறதா, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்பதையெல்லாம் அந்தக் கணவாய் காட்டிவிடும். அதில் திணறும் வண்டி மேகமலைக்கு ஏறாது.

பணத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை: வண்டிக்கு 75,000 ரூபாய்க்கு மேல் போக வேண்டாம். பதிவு, வரி, காப்பீடு ஆகியவற்றுக்கு 35,000. பிரேக், டயர், ரேடியேட்டர், ஒயரிங், தகர வேலை ஆகியவற்றுக்கு 90,000. உள்வேலைக்கு 25,000. மீதி 25,000ஐ முதல் ஆண்டு முழுவதும் தொடாமல் வைத்திருங்கள். டயரில் பட்டன் (தேயும் மேற்பரப்பு) எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 1412 என்று இருந்தால் அது 2012ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் அதை மாற்றியே ஆக வேண்டும்.

உள்வேலையில் நிரந்தரமாக எதையும் வெட்டாதீர்கள், கூரையை உயர்த்தாதீர்கள். தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. கழற்றி மாட்டக்கூடிய பலகைப் பெட்டிகளைப் பக்கவாட்டில் வைத்து, அவற்றின் மேல் மடிப்பு மெத்தையைப் போட்டாலே இருவர் படுக்கலாம். இருக்கைகளை அடியோடு எடுப்பதானால், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கையை மாற்ற முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். மின்சாரத்துக்கு 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று தனியாகப் போதும். அதில் பாதியை மட்டும் செலவிட்டாலே 600 வாட்-மணி கிடைக்கும். 20 வாட் மின்விசிறி எட்டு மணி நேரமும் 10 வாட் விளக்கு ஐந்து மணி நேரமும் ஓடினால் ஓர் இரவுக்கு 210 வாட்-மணிதான் ஆகும்.

கேள்வி: வேனுக்குள்ளேயே 5 கிலோ கேஸ் சிலிண்டர் வைத்துச் சமைக்கலாமா? மழை நாளில் வெளியே சமைக்க முடியாதே? (இல்லத்தரசி, திருமங்கலம்)

பதில்: அம்மா, சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், மழைக்குப் பின்கதவை உயர்த்தி ஒரு தார்ப்பாயைக் கட்டினால் போதும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் தேங்கி, நீங்கள் படுத்திருக்கும் உயரத்திலேயே நிற்கும். சன்னல் திறந்திருப்பதால் மட்டும் அது வெளியேறாது. தரை மட்டத்தில் துளை வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, குளிருக்காக அடுப்பையோ கரிச்சட்டியையோ வேனுக்குள் எரியவிட்டுத் தூங்குவது. அப்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார். கொடைக்கானல் குளிருக்குக் கம்பளிதான் ஏற்றது.

கேள்வி: அரசு அலுவலகங்களில் கழித்துவிட்ட ஜீப்பும் வேனும் ஏலத்துக்கு வருமே, அவற்றில் ஒன்றை எடுத்து மாற்றிக்கொள்ளலாமா? (வாசகர், மேலூர்)

பதில்: முன்பு அது நல்ல வழியாக இருந்தது, இப்போது இல்லை. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது. அவை உடைப்பதற்காக மட்டுமே போக வேண்டியவை. பழைய ஏலத்தில் எடுத்தது என்று சொல்லி யாரேனும் விற்க வந்தால், ஏல ஆணையின் தேதியையும், அதன் பிறகு வண்டி தனியார் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெயர் மாறாமல் இன்னும் ஏதோ ஒரு துறையின் பெயரிலேயே இருக்குமானால், அந்த வண்டியில் உங்களுக்குப் பயன்படக்கூடியது உதிரிப் பாகங்கள் மட்டுமே.