சமையலறையைப் புதுப்பிக்கிறோம், எவர்சில்வர் சிங்க் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? காந்தம் ஒட்டாவிட்டால் அது 304 என்ற வகை எவர்சில்வர்தானா?

இல்லை. காந்தம் ஒட்டவில்லை என்ற ஒன்றை மட்டும் நம்பி 2019இல் நான் ஒரு சிங்க் தொட்டி வாங்கினேன். முப்பத்தோர் ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் இப்படி ஏமாந்தான் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கேள்வியைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கடைக்காரர் மேசை இழுப்பிலிருந்து காந்தத்தை எடுத்துத் தொட்டியின் அடியில் வைத்தார். அது நழுவிக் கீழே விழுந்தது. “பாத்தீங்களா சார், அசல் 304” என்றார். நானும் தலையாட்டினேன். 304 வகையில் குரோமியம் சுமார் 18 விழுக்காடும் நிக்கல் சுமார் 8 விழுக்காடும் இருக்கும். நிக்கல் விலை அதிகமென்பதால் அதைக் குறைத்து, மாங்கனீசைக் கூட்டிச் செய்வது 202. நிக்கலைப் போலவே மாங்கனீசும் எஃகின் படிக அமைப்பைக் காந்தம் ஒட்டாத நிலையில் நிறுத்திவைக்கும் என்பதால், இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. நிக்கல் இல்லாத, காந்தம் ஒட்டும் 430 போன்ற வகையை ஒதுக்க மட்டுமே அந்தச் சோதனை உதவும். போதாக்குறைக்கு, அசல் 304 தகட்டையே வளைத்த மூலைகளில் காந்தம் லேசாக இழுபடுவதும் உண்டு. இவ்வளவையும் வகுப்பில் சொல்லிக்கொடுத்த எனக்குக் கடையில் நின்றபோது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

எங்கள் வீடு தூத்துக்குடியில் இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர். பாத்திரம் கழுவுவது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில். அதோடு வாரத்தில் மூன்று நாளாவது மீன் உண்டு, அதைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவுவதும் அதே தொட்டியில்தான். எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு என்னும் மெல்லிய படலம். அதை ஓரிடத்தில் துளைப்பதில் உப்பிலுள்ள குளோரைடு கைதேர்ந்தது. இரண்டாம் ஆண்டு வடிகண்ணைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. கம்பி நாரிலிருந்து உதிர்ந்த இரும்புத் துணுக்குகள் துருப்பிடித்தாலும் இப்படிக் கறை விழும் என்பதால் முதலில் அதையே காரணமாக்கி, புளி போட்டுத் தேய்த்தேன். கறை போயிற்று, பத்து நாளில் அதே இடங்களில் திரும்பி வந்தது. இன்னொரு முறை தேய்த்துவிட்டு விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தபோது ஊசி குத்தியது போன்ற குழிகள் நகத்தில் தட்டுப்பட்டன.

2022இல் அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு சிறு புட்டியிலிருந்து தொட்டியின் விளிம்பில் ஒரு சொட்டு விட்டு, சிறிய மின்கலத்தை அதன்மேல் வைத்து எடுத்தார். சொட்டு சிவந்தது. “மாங்கனீசு சார், 202. இதுக்கு 304 விலையில பாதிகூடத் தேறாது” என்று, வகுப்பில் நான் மாணவர்களுக்குச் சொல்லும் அதே பொறுமையோடு எனக்குச் சொன்னார்.

அங்கேயே எடையும் போட்டுப் பார்த்தோம். ஒரு சதுர மீட்டர் பரப்பும் 1 மி.மீ. கனமும் உள்ள எவர்சில்வர் தகடு ஏறக்குறைய 8 கிலோ இருக்கும். வெளியளவு 24க்கு 18 அங்குலமும் ஆழம் 10 அங்குலமும் உள்ள எங்கள் தொட்டியின் மொத்தத் தகட்டுப் பரப்பு முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று மேல். அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருந்தபடி கனம் 1.2 மி.மீ. என்றால் 7 கிலோவுக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். அடியிலிருந்த ரப்பர் பட்டைகளையும் சாம்பல் நிறப் பூச்சையும் சுரண்டி எடுத்த பிறகு தராசு காட்டியது 5 கிலோ, அதாவது கனம் 0.8 மி.மீ.தான். ஆகவே, கடையில் கேஜ் கணக்கைச் சொன்னால் அதை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள் (கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும், 16 என்றால் சுமார் 1.5, 18 என்றால் சுமார் 1.2, 20 என்றால் 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு). பட்டைகளும் பூச்சும் தண்ணீர் விழும் ஓசையைக் குறைக்கத்தான். அவை இருப்பது நல்லதே, ஆனால் எடையில் அவற்றைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

“எங்கள் வீட்டு 202 தொட்டி பத்து ஆண்டுகளாகப் பளபளவென்று இருக்கிறது” என்று யாரேனும் கருத்துப் பகுதியில் எழுதலாம். நல்ல தண்ணீர் வரும் வீட்டில் இருக்கத்தான் செய்யும், நான் மறுக்கவில்லை. கடலோரத்துக்கு மாலிப்டினம் சேர்ந்த 316 அல்லவா வாங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: உப்புக்கு அது இன்னும் நன்றாக ஈடுகொடுக்கும் என்பது உண்மை, ஆனால் வீட்டுத் தொட்டிக்கு அந்த விலை தேவையில்லை, 304 வாங்கி, இரவில் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டால் போதும். நான் எந்தக் கடைக்கும் முகவன் அல்லன் என்பதால்தான் எந்தப் பெயரையும் இங்கே எழுதவில்லை.

தகட்டைவிட எனக்கு அதிகம் உறுத்துவது ஆழம். பெரிய பாத்திரம் முழுகும், தண்ணீர் தெறிக்காது என்றெல்லாம் நினைத்து 10 அங்குல ஆழத்தை நான் மட்டும் முடிவு செய்தேன். மேடை உயரம் 33 அங்குலம். ஆக, தொட்டியின் அடி தரையிலிருந்து 23 அங்குலத்தில். ஐந்தடி உயரமுள்ள என் மனைவி குக்கரையும் கிரைண்டர் கல்லையும் குனிந்து குனிந்தே கழுவினாள். இடுப்பு வலிக்கு நான் தைலம் வாங்கி வந்த அன்று, “தைலம் கெடக்கட்டும், ஒரு நாள் நீங்க நின்னு கழுவிப் பாருங்க” என்றாள். நின்று பார்த்தேன், இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. சமையலறையில் நிற்காத ஆண்களே கடைக்குப் போய்ச் சமையலறைச் சாமான்களை முடிவு செய்யும் வழக்கம் நம்மிடம் ஏன் இன்னும் இருக்கிறது என்று அன்றுதான் யோசித்தேன். உங்கள் வீட்டில் யார் கழுவுகிறார்களோ அவரை மேடையோரம் நிற்க வைத்து, முதுகு வளையாமல் விரல் நுனி எங்கே எட்டுகிறது என்று அளந்துகொள்ளுங்கள்; தொட்டியின் அடி அந்த இடத்தைவிட வெகு கீழே போகக் கூடாது. எங்களுக்கு 8 அங்குல ஆழமே சரியாக வந்தது.

கிரானைட் இன்னும் போடவில்லை என்று எடுத்துக்கொண்டு இதையும் சொல்கிறேன். கல்லுக்கு அடியில் ஒட்டும் தொட்டி துடைக்க வசதியானதுதான். ஆனால் மாற்றும்போது கீழிருந்து சிலிகானை அறுத்து இறக்க வேண்டியிருக்கும். எங்கள் கல்லின் ஓரம் அப்படித்தான் சில்லுவிட்டது. தொட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே கல்லை வெட்டச் சொல்லுங்கள். மூலைகள் கூர்மையாக இருக்கும் தொட்டியில் மீன் செதில் போய் ஒட்டிக்கொள்ளும். சற்று வளைந்த மூலையே நல்லது. இரட்டைத் தொட்டி வேண்டாம். இரண்டில் எதிலுமே இட்லிப் பானை படுக்காது.

இரண்டாம் முறை வாங்கப் போனபோது அந்தப் புட்டியையும் மின்கலத்தையும் இரும்புக் கடைக்காரரிடம் இரவல் கேட்டுக் கொண்டுபோயிருந்தேன். “304” என்று கடைக்காரர் எடுத்து வைத்த முதல் தொட்டியின் அடியில் ஒரு சொட்டு விட்டதுமே சிவந்தது. அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார், அது சிவக்கவில்லை. விலை 2,300 ரூபாய் கூடுதல். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.